குறுக்குக் கோடு

யார்க்‌ஷயரில் மழை பெய்யவில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் எழுபத்தாறாம் வருஷக் கோடையில் ஸ்கார்பெக் ஊர் ஓடை வெறும் கூழாங்கல்லாகக் கிடந்தது. புல் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிட்டது. ஆடுகள் கல் மதில் ஓரமாக நிழல் தேடி நாள் முழுக்க மூச்சிரைத்துக்கொண்டு நின்றன. ஆகஸ்டு கடைசியில் ஒரு காலை, பண்ணைக்காரர் க்ளிஃப் தன் டிராக்டரைத் திர்ஸா வெதர்லிட்டின் வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு, ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக அடுப்படிக்குள் வந்தார்.

திர்ஸாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்து மூன்று வருஷமாக மதியச் சாப்பாடு ஆக்கிப் போடுகிறவள். ஊரில் முப்பது வயசுக்கு உட்பட்ட அத்தனை பேரும் அவள் கரண்டிக்குப் பயந்து முட்டைக்கோஸ் தின்றவர்கள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. கட்டிக்கொண்டவன் பெயரை எடுத்துக்கொண்டால் வெதர்லிட் என்ற பெயர் இந்த ஊரை விட்டுத் தொலைந்துவிடும். அவ்வளவு சுலபமாக இந்த ஊர்க்காரர்களை விட்டுவிடுவதா என்று இருந்துவிட்டாள். பிறந்த ஊருக்குத் திரும்பி வந்ததே இவர்கள் கண்முன்னால் நடமாடத்தான் என்று அவளே சொல்லுவாள்.

"மேசைமேல பழைய பேப்பரை விரி," என்றார் க்ளிஃப்.

"எதுக்கு? செத்த எலி ஏதாவது கொண்டுவந்தியா?"

"விரி, சொல்றேன்."

சாக்கைக் கவிழ்த்தார். மூன்று ஆட்டு மண்டையோடுகள் உருண்டன. சுருண்ட கொம்புகளில் சேறு காய்ந்து அப்பியிருந்தது. ஒரு கொம்பை அவர் கட்டைவிரலால் துடைத்துக் காட்டினார். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்ட குறி அதில் பளிச்சென்று தெரிந்தது. வட்டத்துக்குள் ஒரு அம்பு. மாளிகைக்காரர்களான ஓட்ரெட் குடும்பத்தின் பழைய குறி. இரண்டாம் உலகப் போருக்கு முன்னாலேயே அதை மாற்றிவிட்டார்கள்.

"எங்கேருந்து எடுத்தே?" என்றாள் திர்ஸா.

"கறுப்புக் குட்டை. அடியோட வத்திப்போச்சு. இப்ப மதில் இடிஞ்சு கெடக்கே, அது வழியா என் நாய் உள்ள இறங்கி எலும்பைக் கவ்விட்டு வந்துச்சு. போய்ப் பாத்தா, ஒண்ணு மேல ஒண்ணா குவிஞ்சு கெடக்கு. முப்பத்தெட்டு மண்டை." க்ளிஃப் தொப்பியைக் கழற்றினார். "யாரும் ஆட்டைத் தூக்கலை, திர்ஸா. அதுங்க சேத்துல அமுங்கி அங்கேயேதான் கெடந்திருக்கு."

திர்ஸா நாற்காலியைத் தேடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முப்பத்தைந்தாம் வருஷம் ஆகஸ்டில் காணாமல் போனவை முப்பத்தெட்டு கிடாய்கள். மேய்த்தவர் அவளுடைய அப்பா, எஸ்ரா வெதர்லிட். மலைமுழுக்கத் தேடினார்கள். ஒரே ஒரு இடத்தைத் தவிர. கறுப்புக் குட்டை இருப்பது ஓட்ரெட்டுகள் காட்டுக்கோழி வேட்டையாடுகிற நிலத்தில். சுற்றிலும் ஆள் உயர மதில். அதற்கு ஒரே கதவு, கதவுக்குப் பூட்டு, சாவி மாளிகையில். வேட்டை முடிந்ததும் நானே என் கையால் பூட்டினேன் என்று மாளிகையின் மகன் சொன்னான். அப்போது அவன் லெப்டினன்ட், இருபத்தொன்பது வயசு. இப்போது எழுபது வயசுக் கர்னல் மார்மடியூக் ஓட்ரெட். கதவு பூட்டியிருந்தது என்றால் ஆடு உள்ளே போயிருக்காது. உள்ளே போகவில்லை என்றால் யாரோ தூக்கியிருக்கிறார்கள். யார்? ஆட்டோடு இருந்தவன்தான்.

போலீஸ்காரர் வந்தார், ஒன்றும் கிடைக்காமல் போனார். வழக்கில்லை. எஸ்ராவின் வேலை மட்டும் போயிற்று. அதோடு விட்டிருந்தால்கூட ஊர் நாளடைவில் மறந்திருக்கும். அந்த டிசம்பரில் ஒரு சிறு புத்தகம் வந்தது.

தேவாலயம் கட்டி எண்ணூறு வருஷம் நிறைந்ததற்காக லெப்டினன்ட் எழுதிய 'ஸ்கார்பெக் ஊரும் பெயரும்'. மலை, ஓடை, குடும்பம் என்று ஒவ்வொரு பெயருக்கும் பூர்வீகம் சொல்லியிருந்தான். ஓட்ரெட்டுக்கு நாலு பக்கம். வெதர்லிட்டுக்கு நாலே வரி. இந்த ஊரைத் தவிர வேறெங்கும் இல்லாத அபூர்வமான பெயர். தேவாலயப் பதிவேட்டில் 1614-இல் இதன் பழைய வடிவம் 'வெதர்லிஃப்ட்' என்று காண்கிறது. வெதர் என்றால் காயடித்த கிடாய். லிஃப்ட் என்றால் தூக்குவது. 'பெயரின் பொருளை வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. இரத்தத்தில் உள்ளது லேசில் போகாது என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.'

ஆடுதூக்கி. அச்சில் வந்துவிட்டது, ஆதாரத்தோடு வந்துவிட்டது. அதற்கப்புறம் எஸ்ரா மதுக்கடைக்குள் நுழைந்தால் மூலையிலிருந்து யாராவது 'மே' என்று கத்துவார்கள். தெருவில் போனால் பிள்ளைகள் முதுகில் ஆட்டைச் சுமப்பதுபோல் குனிந்து பின்னாலேயே நடக்கும். அப்படி நடந்தவர்களில் பத்து வயசுக் க்ளிஃபும் உண்டு. அதை அவரே ஒருநாள் அவளிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். எஸ்ரா பிராட்ஃபோர்டுக்குப் போய்க் கம்பளி ஆலையில் ரோமம் பிரித்தார். மூன்றே வருஷம். நெஞ்சு அடைத்துச் செத்தார். திர்ஸாவின் அண்ணன் பெயரை மாற்றிக்கொண்டு நியூசிலாந்துக்குக் கப்பல் ஏறினான். இப்போது உலகத்திலேயே வெதர்லிட் என்று ஒருத்திதான் மிச்சம்.

"போலீசுக்குப் போவோமா?" என்றார் க்ளிஃப்.

"நாப்பத்தோரு வருஷத்து ஆட்டு எலும்பை வச்சுக்கிட்டு போலீஸ் என்ன பண்ணும்? சூப்பா வைக்கும்?" திர்ஸா எழுந்து மேசையைப் பிடித்துக்கொண்டாள். "கதவைத் தொறந்துபோட்டவன் அவன். அப்பனுக்குப் பயந்து பொய் சொல்லிட்டான். சரி, பயந்தாங்கொள்ளி. அதோட நின்னானா? புத்தகம் எழுதினானே! எதுக்கு எழுதினான்? எனக்கு அது தெரியணும். அவன் வாயாலயே இந்த ஊர் முன்னாடி அதைச் சொல்லணும். அதுக்கு முன்னால நான் சாகறதா இல்லை."

அதற்கு ஒரு நாளும் தயாராகக் காத்திருந்தது. புத்தகம் இப்போது இரண்டாம் பதிப்பாக வரப்போகிறது. செப்டம்பர் பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை மதியம், தேவாலயக் கூடத்தில் வெளியீடு. தேநீர், ரொட்டி, கேக் ஏற்பாடெல்லாம் யார் பொறுப்பு? திர்ஸா வெதர்லிட்டுடையதுதான். ஊருக்கு வெட்கமே கிடையாது.

மறுநாள் காலையிலேயே அவள் தேவாலயத்துக்குப் போய், பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். புதுப் பாதிரியார் பென்ரோஸ் கார்ன்வாலிலிருந்து வந்தவர். இளவயசு. பழைய கையெழுத்து படிக்கக் கற்றவர். இந்த ஊரில் அந்த வித்தையைக் காட்ட ஆளில்லாமல் ஏங்கிக்கொண்டிருந்தவர். மூன்று பூட்டுப் போட்ட ஓக் பெட்டியைத் திறந்து, தோல் தாள் புத்தகத்தை மேசையில் வைத்து, 1614-ஐப் புரட்டினார்.

"இதோ. ராபர்ட் வெதர்லிஃப்ட், அடக்கம். கர்னல் எழுதினது சரிதான் மிஸ் வெதர்லிட். மன்னிச்சுக்குங்க."

"இது எப்படி ஃப்-ஆகும்? கொக்கி மாதிரில்ல நிக்குது?"

"அந்தக் காலத்துல ஸ் எழுத்தையும் இப்படித்தான் நீளமா எழுதுவாங்க. நடுவுல குறுக்கே ஒரு சின்னக் கோடு இருந்தா ஃப். இல்லேன்னா ஸ். இதுல கோடு..." பாதிரியார் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். புத்தகத்தை ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"என்னங்க ஃபாதர்?"

"மத்த எழுத்தெல்லாம் துருப் பிடிச்ச மாதிரிப் பழுப்பா இருக்கு. இந்தக் கோடு மட்டும் நீலக் கறுப்பு. நம்ம பேனா மை. இங்க பாருங்க, இதுக்குக் கீழ ஒரு வரி இருந்திருக்கு. தோலைக் கத்தியால சுரண்டியிருக்காங்க. தடவிப் பாருங்க, சொரசொரங்குது."

திர்ஸா தடவிப் பார்த்தாள். விரல் நுனியில் சொரசொரத்தது. கர்னலின் புத்தகத்தில் அந்த இடத்தைப் பற்றி 'காலத்தால் அழிந்தது' என்று எழுதியிருந்தது அவளுக்கு மனப்பாடம். காலத்துக்குக் கத்தி பிடிக்கத் தெரியும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"முப்பத்தஞ்சுல இந்தப் பெட்டிச் சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"தேவாலயப் பொறுப்பாளர்கிட்ட. அதாவது மாளிகைல." பாதிரியார் பதிவேட்டை மூடினார். "இது பெரிய குற்றம், மிஸ் வெதர்லிட். பதிவேட்டைத் திருத்தறது."

"யார் திருத்தினாங்கன்னு கேட்டா எலின்னு சொல்லிடுவாங்க. என்ன இருந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பாதிரியாருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. வருஷா வருஷம் ஒவ்வொரு ஊர்ப் பதிவேட்டையும் நகலெடுத்துப் பேராயருக்கு அனுப்ப வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். அந்த நகல்கள் யார்க் நகர ஆவணக் காப்பகத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. மாளிகைச் சாவி அங்கே செல்லாது.

திர்ஸா பேருந்து ஏறிப் போனாள். இரண்டு நாள் ஆயிற்று. முதல் நாள் கட்டை அவிழ்த்துத் தேடவே சரியாகிவிட்டது. இரண்டாம் நாள் மதியம், காப்பகத்து மேலதிகாரி ஒரு நீளமான தோல் துண்டைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். ஸ்கார்பெக், 1614. அதே வரி, அதே கை. நீண்ட எழுத்தின் நடுவில் குறுக்குக் கோடு இல்லை. மொட்டையாக நின்றது.

"வெதர்லிஸ்ட்," என்று படித்தார் அதிகாரி.

"லிஸ்ட்டா? கடைக்கு எழுதிட்டுப் போற லிஸ்ட்டா? ஆட்டுப் பட்டியலா?"

"இல்லம்மா. பழைய பேச்சுல லிஸ்ட்னா காது குடுத்துக் கேக்கறது. கீழயே விளக்கம் எழுதியிருக்காரே பாதிரியார்." அவர் விரலை வைத்து மெல்லப் படித்தார். "'ராபர்ட். வெதர்லிஸ்ட் என்று ஊரார் அழைத்தவன். பனியில் புதைந்த கிடாய்களின் மூச்சைக் காதை வைத்துக் கேட்டு, யாருடையது என்று பாராமல் தோண்டி எடுத்தவன். அப்படித் தோண்டும்போதே இறந்தான். இன்று அடக்கம்.'"

திர்ஸா அந்த அமைதியான அறையில், எல்லாரும் திரும்பிப் பார்க்க, வாய்விட்டு அழுதாள். முதலில் சந்தோஷத்தில்தான் அழுதாள். அழுது முடிக்கும்போது சந்தோஷம் இல்லை. திருடன் என்று ஒருவனைச் சொல்வது ஒரு பாவம். காப்பாற்றினவன் என்று எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்து, புரிந்துகொண்டு, உட்கார்ந்து கத்தியால் சுரண்டிவிட்டுத் திருடன் என்று மாற்றினானே, அவனை என்ன செய்தால் தகும்? திரும்புகிற வழியெல்லாம் பேருந்தில் அதையே யோசித்தாள். கர்னலைக் கொல்லும் யோசனைகூட வந்தது. ஸ்கார்பெக் நிறுத்தத்தில் இறங்கும்போது, அது அவனுக்குச் செய்கிற உதவி என்று தோன்றியதால் கைவிட்டாள்.

அந்தத் தோல் துண்டின் புகைப்படம் ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அதைக் கேக் டப்பாவுக்குள் வைத்து மூடினாள். பாதிரியாரிடமும் க்ளிஃபிடமும் பதினெட்டாம் தேதி வரை வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். க்ளிஃப் காப்பாற்றினார். பாதிரியாருக்குப் பொய் வராது. முந்தின நாள் கர்னல் பதிவேட்டைக் கூடத்தில் காட்சிக்கு வைக்கலாமே என்று கேட்டபோது அவர் முகம் போன போக்கிலேயே கர்னல் புரிந்துகொண்டு மீதியைக் கேட்டு வாங்கிவிட்டார்.

சனிக்கிழமை மதியம் கூடத்துச் சமையலறையில் திர்ஸா ரொட்டிக்குள் பன்றி இறைச்சித் துண்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். கர்னல் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். எழுபது வயசிலும் முதுகு வளையாத ஆள். வெள்ளை மீசை. கைத்தடி.

"பென்ரோஸ் சொன்னாரு, நீ யார்க் போயிருந்தியாம்."

"போயிருந்தேன் சார்."

"பழசைக் கிளறி யாருக்கு என்ன லாபம், திர்ஸா? நான் இளவயசுல அவசரப்பட்டுப் படிச்சிருக்கலாம். அடுத்த பதிப்புல ஒரு திருத்தம் போட்டுடறேன்."

"கத்தியால சுரண்டினதுக்கும் திருத்தம் போடுவீங்களா சார்?"

கர்னல் கைத்தடியைச் சுவரில் சாய்த்தார். சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மஞ்சள் பூத்த காகிதம். கீழே பதினேழு வயசுக் கையெழுத்து.

"ஞாபகம் இருக்கா? நீ எங்க வீட்ல வேலைக்காரியா இருந்தே. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். அப்பா விடிஞ்சப்புறம்தான் வீட்டுக்கு வந்தாரு, இடுப்புவரை ஈரம், கோட்டு முழுக்க ஆட்டு ரோமம்னு சொன்னே. சொன்னதை எழுதினேன். கையெழுத்துப் போட்டே. போலீஸ்காரர் உங்கப்பன் வீட்டைச் சோதனை போட்டது இதை வச்சுத்தான். நீ வாயைத் தொறந்தா நான் இதைப் படிப்பேன். அப்புறம் இந்த ஊர் என்னை எப்படிப் பாக்குமோ தெரியாது. உன்னை எப்படிப் பாக்கும்னு எனக்குத் தெரியும்."

மேய்ப்பவன் கோட்டில் ஆட்டு ரோமம் இல்லாமல் வேறென்ன இருக்கும்? தொலைந்த ஆட்டைத் தேடி ஓடையில் இறங்கினவன் இடுப்பு நனையாமல் எப்படி வருவான்? பதினேழு வயசில் அது திர்ஸாவுக்குத் தோன்றவில்லை. அப்புறம் தோன்றாத நாள் இல்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை எடுத்துப் பார்த்தாள்.

"பத்திரமா வச்சிருந்தீங்களே. நல்லதாப் போச்சு," என்று சொல்லி அதைத் தன் சமையல் முன்கச்சைப் பையில் போட்டுக்கொண்டாள். கர்னல் கையை நீட்டுவதற்குள் ரொட்டித் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் போய்விட்டாள்.

கூடத்தில் அறுபது சொச்சம் பேர். ஊரே வந்திருந்தது. ஓசைப்படாமல் தின்றார்கள், ஓசையோடு உறிஞ்சினார்கள். மேசையில் புது அட்டைப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. ஆளுக்கு ஒன்று ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. கர்னல் பேசினார். நல்லாத்தான் பேசினார். கடைசியில் பாதிரியார், நாக்கு உலர, யாராவது ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்டார்.

திர்ஸா முன்கச்சையோடு எழுந்து முன்னால் வந்தாள்.

"முதல்ல நான் படிக்கறதக் கேளுங்க," என்று சொல்லி அந்த மஞ்சள் காகிதத்தை முழுக்கப் படித்தாள். தேதி, கையெழுத்து எல்லாம் படித்தாள். கூடத்தில் ஒரு கரண்டி கீழே விழுந்தது. "இது என் வாக்குமூலம். எங்கப்பாவைக் காட்டிக் குடுத்தவ நான்தான். இதைச் சொல்லிடுவேன்னு கர்னல் இப்பத்தான் சமையல்கட்டுல மிரட்டினாரு. அவருக்குத் தெரியாததையும் சொல்றேன். அவர் புத்தகத்தைப் படிச்சுட்டு அந்தக் கிறிஸ்துமஸ் அன்னிக்கு, அப்பா இறைச்சியை வெட்டி என் தட்டுல வச்சப்ப, திருடன் கையால வெட்டினது எனக்கு வேண்டாம்னு தட்டைத் தள்ளினேன். அவர் ஒண்ணும் சொல்லலை. கத்தியைக் கீழ வச்சுட்டு வெளிய போயிட்டாரு. ஆச்சா? என் கதை முடிஞ்சுது. இப்ப உன் கதைக்கு வருவோம், மார்மடியூக்."

கூடம் முழுக்க மூச்சை உள்ளே இழுத்தது. இந்தப் பக்கத்து மலைப்பேச்சில் 'நீ' என்பது அண்ணன் தம்பிக்கும் ஆட்டுக்கும் சொல்லுகிற வார்த்தை. மாளிகைக்காரனைப் பார்த்து அதை யாரும் சொன்னதில்லை. சொன்னவன் அந்த வருஷமே குத்தகையை இழப்பான்.

"உனக்குப் பித்துப் பிடிச்சிருக்கு," என்றார் கர்னல்.

"க்ளிஃப், கொண்டா."

க்ளிஃப் சாக்கைக் கேக் மேசைமேல் கவிழ்த்தார். மண்டையோடுகளைப் பார்த்ததும், கொம்பில் இருந்த குறியைப் பார்த்ததும், கறுப்புக் குட்டை என்ற பெயரைக் கேட்டதும், ஆடு வளர்த்துப் பிழைக்கிற அந்த ஊருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. பூட்டின மதிலுக்குள் ஆடு பறந்து போகாது. சாவி யாரிடம் இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். பின் வரிசையில் ஒரு கிழவர், "அடப் பாவி, நாப்பது வருஷமா!" என்று சத்தமாகவே சொன்னார்.

பாதிரியார் பதிவேட்டைத் திறந்து வைத்தார். பக்கத்தில் புகைப்படம். திர்ஸா கர்னலின் முன்னால் இரண்டையும் நகர்த்தினாள்.

"படி. உரக்கப் படி."

"மூக்குக்கண்ணாடி கொண்டுவரலை."

"இவ்வளவு நேரம் பேச்சைப் பாத்துத்தானே படிச்சே? படி."

கர்னல் பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் பார்வையைத் திருப்பிக்கொண்டு, "பதிவேட்டைத் திருத்தினது யார்னு பேராயருக்கும் போலீசுக்கும் நான் திங்கக்கிழமை எழுதியாகணும் கர்னல்," என்றார் தரையைப் பார்த்து.

கர்னல் படித்தார். முதல் முறை முணுமுணுத்தார். கேட்கவில்லை என்று திர்ஸா மறுபடி படிக்கச் சொன்னாள். வெதர்லிஸ்ட். பனியில் புதைந்த கிடாய்களின் மூச்சைக் கேட்டவன். யாருடையது என்று பாராமல் தோண்டினவன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"எதுக்குச் சுரண்டினே?"

கர்னல் புகைப்படத்தைத் தள்ளி வைத்தார். "போலீஸ்காரன் கதவைப் பத்தி மறுபடி கேக்க ஆரம்பிச்சான். ஊர் முழுசா நம்பலை. உங்கப்பனுக்கு நல்ல பேரு இருந்துச்சு."

"அதனால பேரையே தூக்கிட்டே," என்றாள் திர்ஸா. "ஊர்ல ஒருத்தன்தான் தூக்கியிருக்கான். அது நீ."

யாரோ போலீஸ் என்று சொன்னார்கள். பாதிரியார் திருத்தச் சீட்டு அச்சடித்து ஒட்டலாம் என்றார். திர்ஸா இரண்டையும் காதில் வாங்கவில்லை. நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டாள். கர்னலின் பேனாவை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். "ஃபாதர் திங்கக்கிழமை எழுதறதை எழுதட்டும். நீ இன்னிக்கே எழுது. ஒவ்வொரு புத்தகத்துலயும், எங்க பேரு இருக்கற பக்கத்துல. 'நான் பொய் எழுதினேன். இவர்கள் வெதர்லிஸ்ட்.' கீழ உன் கையெழுத்து. எழுதினா, போலீசு கேக்கறப்ப கிழவன் தானா ஒத்துக்கிட்டான்னு நான் சொல்றேன். எழுதலேன்னா, ஜெயிலுக்குப் போற வரைக்கும் உன் வாசல்லயே நிக்கறேன், தினமும், இந்த மண்டையைக் கையில வச்சுக்கிட்டு."

கர்னல் உட்கார்ந்தார்.

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு க்ளிஃப் புத்தகத்தை நீட்டிக்கொண்டு போனார். அவர் பின்னால் ஒருவர், அப்புறம் இருவர், அப்புறம் வரிசை கதவுவரை நீண்டது. திர்ஸா பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் சரிபார்த்தாள். பத்தாவது புத்தகத்தில் கர்னல் சுருக்கி, 'பொய்' என்று மட்டும் எழுதப் பார்த்தார். "முழுசா," என்றாள். இருபதில் பேனாவை வைத்துவிட்டு விரலை உதறிக்கொண்டார். முப்பதில் எழுத்து கோணியது. ஒரு பெண், "போதும் திர்ஸா, வயசானவரு," என்றாள்.

"எங்கப்பா சாகும்போது ஐம்பத்திரண்டு வயசு. அடுத்த ஆளு வாங்க."

மதுக்கடை மூலையில் உட்கார்ந்து கத்தினவர்களில் மூன்று பேர் இன்னும் உயிரோடு இருந்தார்கள். அவர்களும் வரிசையில் வந்தார்கள். அவர்கள் வரும்போது திர்ஸா, "கத்தத் தெரியுமே உங்களுக்கு, எங்க, ஒரு தடவை கத்துங்க," என்றாள். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். அவளுக்கு இனித்தது. அதை மறைக்கவும் இல்லை.

கடைசிப் புத்தகமும் முடிந்தது. கர்னல் எழுந்தார். அவர் வாசலுக்கு நடந்தால் முந்திக்கொண்டு கதவைத் திறந்துவிட ஊரில் எப்போதும் நாலு பேர் உண்டு. இன்றைக்கு யாரும் எழவில்லை. கைத்தடியை இடுக்கிக்கொண்டு தானே இழுத்துத் திறந்து போனார்.

மக்கள் கோட்டு தேடிக் கிளம்பினார்கள். அப்போது திர்ஸா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சூடு ஆறியிருக்கவில்லை. பேனாவை எடுத்தாள்.

"எங்க போறீங்க? எல்லாரும் திரும்ப வரிசைல நில்லுங்க."

"மிஸ் வெதர்லிட், முடிஞ்சுதே," என்றார் பாதிரியார் மெல்ல. "நீங்க ஜெயிச்சுட்டீங்க."

"அவன் எழுதினது பாதிதான் ஃபாதர். மீதி என்னது. க்ளிஃப், உன் புத்தகத்தைக் குடு."

க்ளிஃப் தயங்கினார். அவள் பிடுங்காத குறையாக வாங்கிப் பக்கத்தைப் புரட்டி, கர்னலின் வரிக்குக் கீழே நிதானமாக எழுதினாள். 'இந்தப் பொய்யை முதலில் நம்பியது எஸ்ராவின் மகள்.' அதற்குக் கீழே தன் பெயரை எழுதினாள். திர்ஸா என்று எழுதி, அடுத்து வெதர்லிஸ்ட் என்பதை அந்தப் பழைய பாதிரியார் எழுதியதுபோல நீளமான எழுத்துகளில் எழுதி, நடுவில் பேனாவை ஒரு இழுப்பு இழுத்தாள்.

க்ளிஃப் எட்டிப் பார்த்தார். "திர்ஸா, தப்பாப் போட்டுட்டே. குறுக்கே கோடு விழுந்திருச்சு. வெதர்லிஃப்ட்னு ஆயிடுச்சு."

"தெரிஞ்சுதான் போட்டேன்," என்றாள் திர்ஸா. "அப்பா பேரைத் தூக்கினதுல நானும் கூட்டு. அவர் பேரு வேற, என் பேரு வேற. அடுத்த ஆளை வரச் சொல்லு."